புள்ளைங்களை விட்டுட்டுப் போறது நம்ம வழக்கத்திலேயே இல்லையா?

இது நீளமான பதிவு. காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் நம் குடும்பக் குழுவில் நடந்த சண்டையை உறவுகளில் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். மாணவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பத்தாவது கல்யாண நாளுக்கு ஒரு தம்பதி மூன்று நாள் கொடைக்கானல் போவதாக இருக்கிறார்கள். இரண்டு குழந்தைகளும் பாட்டி வீட்டில். ஒருத்தி கைதட்டினாள். ஒரு சித்தப்பா, "பெத்த புள்ளைங்களை விட்டுட்டுப் புருஷன் பொண்டாட்டி ஊர் சுத்துறது நம்ம வழக்கத்திலேயே கிடையாது, எல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது" என்று எழுதினார். அப்புறம் இருபத்தேழு பதில்கள். அந்தப் பெண் என்னைத் தனியாகக் கேட்டாள்: "பெரியம்மா, நீங்க ஹிஸ்டரி டீச்சர்தானே, சித்தப்பா சொல்றது நிஜமா? ரூமை கேன்சல் பண்ணிடவா?"

ரூமை கேன்சல் பண்ணாதே என்று உடனே சொல்லிவிட்டேன். முதல் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் ஒரு வாரம் ஆயிற்று.

வெள்ளைக்காரனிடம் போவதற்கு முன்னால் நம் வீட்டிலேயே தேடுவோம். இரண்டு பேர் மட்டும் தனியாகக் கிளம்பிப் போவதற்கென்றே சங்க இலக்கியத்தில் ஒரு துறை இருக்கிறது. உடன்போக்கு. பத்தாம் வகுப்பில் தமிழம்மா சொல்லித் தந்திருப்பார்கள். தலைவனும் தலைவியும் பாலை நிலத்து வழியே போய்விடுவார்கள், செவிலித்தாய் எதிரே வருகிறவர்களை எல்லாம் விசாரித்துக்கொண்டு பின்னால் நடப்பாள். சிலப்பதிகாரத்தில் அந்த ஓட்டம்கூடத் தேவைப்படவில்லை. கோவலனின் தாயே புதுத் தம்பதியைத் தனி வீட்டில், பொருளும் பணியாட்களும் கொடுத்துக் குடிவைக்கிறாள். மனையறம்படுத்த காதை என்று அதற்கு ஒரு காதையே உண்டு. தனிக்குடித்தனம் நேற்று வந்தது என்று சொல்கிறவர்களுக்கு இதை நான் எப்போதும் எடுத்துக் காட்டுவேன்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இவை எல்லாம் குழந்தை பிறப்பதற்கு முன்னால். குழந்தை வந்த பிறகு நம் புலவர்கள் வரைகிற படமே வேறு. ஐங்குறுநூற்றில் பேயனார் பாடிய முல்லைத் திணையில் செவிலி கூற்றுப் பத்து என்று ஒரு பகுதி. செவிலித்தாய் மகளின் வீட்டைப் பார்த்துவிட்டு வந்து பெருமையோடு சொல்கிறாள். அந்தப் பத்தில் முதல் பாட்டிலேயே கணவனுக்கும் மனைவிக்கும் நடுவில் மகன் படுத்திருக்கிறான். அதுதான் இனிமையான காட்சி என்கிறாள். இன்றைக்கும் நம் வீடுகளில் கட்டிலில் குழந்தை எங்கே படுத்திருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்! தொல்காப்பியம் இன்னும் தள்ளி, முதுமைக்குப் போகிறது. வாழ்ந்து முடித்த தலைவனும் தலைவியும் மக்களோடும் சுற்றத்தோடும் சேர்ந்து அறத்தில் நிற்க வேண்டும் என்று கற்பியலில் சொல்கிறது. அங்கேயும் கூட்டம்தான். வடமொழியில் மனு கொஞ்சம் கதவைத் திறந்து வைத்திருக்கிறார். பேரன் பேத்தி பார்த்த பிறகு காட்டுக்குப் போகிறவன், மனைவியைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கலாம், அல்லது கூடவே அழைத்துப் போகலாம்.

ஆக, நம் வழக்கத்தில் இரண்டு பேருக்கு மட்டுமான நேரம் இருந்தது. முதல் குழந்தைக்கு முன்னால் இருந்தது. எல்லாப் பிள்ளைகளும் கரையேறிய பிறகும் இருந்தது. நடுவில் இருக்கிற முப்பது வருஷத்துக்குத்தான் ஒன்றும் இல்லை. சித்தப்பா சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது.

நம் குடும்ப விசேஷங்களை வரிசையாக நினைத்துப் பார்த்தாலும் இதே கதைதான். தலை தீபாவளி, தலைப் பொங்கல், மறுவீடு எல்லாம் புதுத் தம்பதிக்காக நடப்பவை. ஆனால் மாமனார் வீட்டில் முப்பது பேர் நடுவில். ஆடி பிறந்தால் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துப்போய் இருவரையும் பிரித்தே வைத்துவிடுவார்கள். வளைகாப்பு முழுக்கப் பெண்கள் கூட்டம், மாப்பிள்ளை வாசலில் பந்தி விசாரித்துக்கொண்டிருப்பார். வீடுகளும் அப்படித்தான் கட்டப்பட்டன. திண்ணையில் ஆண்கள், உள்ளே பெண்கள், நடுவில் முற்றம். இருவருக்கென்று ஓர் அறை பல வீடுகளில் கிடையாது.

காரைக்குடிப் பக்கம் நான் வேலை பார்த்த வருஷங்களில் இதற்கு மாறான ஒன்றைத் தெரிந்துகொண்டேன். நகரத்தார் கணக்கில் குடும்பம் என்பது ஆள் கணக்கு அல்ல. கல்யாணமான ஒரு ஜோடி ஒரு புள்ளி. கோவில் வரி அந்தப் புள்ளிக் கணக்கில்தான். மனைவியை இழந்தவர் அரைப் புள்ளி. கல்யாணம் ஆனதும் பெரிய வீட்டுக்குள்ளேயே மகனையும் மருமகளையும் 'வேறு வைப்பார்கள்', அதாவது அவர்களுக்கென்று அறை, தனி அடுப்பு. ஐம்பது பேர் இருக்கிற வளவுக்குள் இரண்டு பேரை ஓர் அலகாக மதித்த ஏற்பாடு இது. எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் அந்த ஆண்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிற்கப் போனபோது பொதுவாக மூன்று வருஷக் கணக்கில் தனியாகத்தான் போனார்கள். மனைவிமார் ஊரில். புள்ளி ஏட்டில் ஒன்றாக இருந்தது, மனிதர்கள் கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்.

இப்போது அறுபதாம் கல்யாணத்துக்கு வருவோம். குடும்பத்தில் ஒரு தம்பதிக்காகவே எடுக்கிற பெரிய விழா அதுதான்.

அறுபது ஏன்? வியாழன் ராசிச் சக்கரத்தைச் சுற்றிவர சுமார் 12 வருஷம், சனிக்குச் சுமார் 30. இரண்டும் சேர்ந்து பொருந்தி வருவது 60இல். அதனால்தான் பிரபவ முதல் அட்சய வரை அறுபது பெயர். 1955-56 மன்மத வருஷம், திரும்ப மன்மத வருஷம் வந்தது 2015-16இல். பிறந்த வருஷம் திரும்பி வந்தால் மறுபிறவி மாதிரி, அதனால் மறுபடி தாலி. அறுபது தொடங்கும்போது உக்ரரத சாந்தி, முடியும்போது சஷ்டியப்த பூர்த்தி, எழுபதில் பீமரத சாந்தி, எண்பதில் சதாபிஷேகம். சதாபிஷேகத்துக்கு ஆயிரம் பிறை கண்டவர் என்று சொல்வோம் இல்லையா, 29.53 நாளை ஆயிரத்தால் பெருக்கி வருஷமாக மாற்றிப் பாருங்கள். 80 வருஷம் 10 மாதம் வரும். கணக்கு டீச்சர்கள் சரிபார்க்கலாம்.

எங்கே செய்வது என்றால் திருக்கடையூர். அமிர்தகடேசுவரரும் அபிராமியும் இருக்கும் தலம், அட்ட வீரட்டானங்களில் ஒன்று. மார்க்கண்டேயனுக்காக எமனை உதைத்த இடம் என்பதால் ஆயுளுக்கு அங்கே போகிறோம். ஒரு முகூர்த்த நாளில் அங்கே போய்ப் பாருங்கள். பிரகாரம் முழுக்க வெள்ளை முடி மாப்பிள்ளைகளும் பட்டுப் புடவையில் கூச்சப்படுகிற மணப்பெண்களும்தான். அப்பா அம்மாவுக்குத் தாலி கட்டுவதைப் பிள்ளைகள் நேரில் பார்க்கிற இடம் உலகத்தில் வேறெங்கும் இருக்குமா தெரியவில்லை. எனக்கு அந்தக் கூட்டம் பிடிக்கும். ஆனால் கலசத் தண்ணீர் ஊற்ற நூறு பேர் வரிசையில் நிற்க, அந்த அம்மா நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

அந்தக் காலத்தில் அறுபதைக் கொண்டாடியதற்கு ஒரு கசப்பான காரணம் இருக்கிறது. அறுபதைத் தொட்டவர்கள் குறைவு. 1951 வாக்கில் இந்தியாவில் சராசரி ஆயுள் சுமார் 32 வருஷம். இதைத் தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாது, முப்பத்திரண்டில் எல்லோரும் செத்துவிடவில்லை. கைக்குழந்தையாகவே இறந்தவர்கள் அதிகம் என்பதால் சராசரி அப்படி இறங்கிவிடுகிறது. ஆனாலும் பிழைத்து வளர்ந்தவர்களில் கணவன் மனைவி இருவரும் சேர்ந்து அறுபதாம் கல்யாணத்தில் உட்கார்ந்தது அதிர்ஷ்டம்தான். பெண்களுக்குக் கல்யாணம் எத்தனை வயதில் நடந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாரதியார் 1897இல் செல்லம்மாளைக் கல்யாணம் செய்தபோது அவளுக்கு ஏழு வயது. சாரதா சட்டம் 1930 ஏப்ரல் 1இல் அமலுக்கு வந்து, பெண்ணுக்குப் 14, ஆணுக்கு 18 என்று வைத்தது. 18, 21 என்று ஆனது 1978இல். பதினான்கு பதினைந்தில் தொடங்கி நாற்பது வரை பிள்ளை பெற்ற பெண்களுக்கு, கடைக்குட்டி நடக்கப் பழகும்போது மூத்த பெண்ணின் பிரசவத்துக்கு வெந்நீர் வைக்கிற வேலை வந்துவிடும். எப்போது தனியாகப் போவது, எங்கே போவது?

எங்கள் அம்மாவுக்கு ஏழு பிள்ளைகள். அப்பாவும் அம்மாவும் எங்கள் யாரையும் கூட்டிக்கொள்ளாமல் ஒரே ஒரு தடவைதான் வெளியூர் போனார்கள். அப்பாவின் கண் ஆபரேஷனுக்கு மதுரைக்கு, எட்டு நாள். அத்தை வந்து எங்களைப் பார்த்துக்கொண்டாள். ஆபரேஷன் பற்றி அம்மா ஒரு வார்த்தை பேசியதாக நினைவில்லை. சாயங்காலம் பச்சைத் துணி கட்டிய கண்ணோடு அப்பா உட்கார்ந்திருக்க, இருவரும் வாசல் கடையில் வாங்கிய பருத்திப்பாலைக் குடித்தது பற்றி முப்பது வருஷம் பேசினாள். அப்பாவுக்கு ஐம்பத்தாறில் எல்லாம் முடிந்துவிட்டது. எங்கள் வீட்டில் மணிவிழா நடக்கவில்லை.

அந்தத் தலைமுறையில் வசதி இருந்தவர்களுக்கு ஒரு வழி இருந்தது. காசி. பிள்ளைகள் கடமை முடிந்த பிறகு தம்பதியாகப் போக வேண்டிய யாத்திரை. ரயில் வருவதற்கு முன்னால் காசிக்குப் போகிறவர்கள் திரும்பி வருவார்கள் என்று யாரும் உறுதியாக நினைப்பதில்லை, பிள்ளைகளிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். 1856 ஜூலை 1இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை நம் பக்கத்தின் முதல் ரயில் ஓடியது. அதற்கப்புறம் பாதை நீள நீள, மாதக்கணக்கு வாரக்கணக்காக மாறியது. 1914இல் பாம்பன் பாலமும் திறந்த பிறகு ராமேஸ்வரத்து மணலைப் பிரயாகைக்குக் கொண்டுபோய்க் கரைத்து, கங்கை நீரோடு ராமேஸ்வரம் திரும்புவது முழுக்க ரயிலிலேயே முடிந்தது.

பிரயாகையில் வேணி தானம் என்று ஒரு சடங்கு. நம் தென்னாட்டுத் தம்பதிகள் விடாமல் செய்வது. மனைவியை மடியில் உட்கார வைத்துக் கணவர் அவள் தலையை வாரிப் பின்னி விடுவார். நுனியைக் கொஞ்சம் வெட்டி சங்கமத்தில் விடுவார்கள். நாற்பது வருஷம் மனைவியின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிராத ஒரு மனிதர் நட்ட நடு ஆற்றில் படகில் அவளுக்குப் பின்னல் போடுகிறார்! சாஸ்திரத்தில் அதற்கு என்ன பலன் சொல்லியிருந்தாலும் சரி. தங்கள் ஊரில், தங்கள் பிள்ளைகள் எதிரில், அவர்கள் இதைச் செய்திருக்க மாட்டார்கள்.

ஊரில் செய்தால் என்ன ஆகும் என்பதற்குக் கடையத்துக் கதை ஒன்று போதும். 1918க்குப் பிறகு பாரதியார் அங்கே இருந்தபோது செல்லம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தார், அக்கிரகாரம் கூடிச் சிரித்தது என்று அங்கே இன்றும் சொல்வார்கள்.

சரி, சித்தப்பாவின் வெள்ளைக்காரனுக்கு வருகிறேன். கொடைக்கானலையே எடுத்துக்கொள்வோம். அங்கே முதலில் வீடு கட்டியவர்கள் பிரிட்டிஷ்காரர்கள்கூட இல்லை, மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள். 1845இல். சமவெளிக் காய்ச்சலுக்கும் வெயிலுக்கும் தப்பிக் குடும்பத்தோடு மலையேறினார்கள். ஏரி 1863இல் லெவிஞ்ச் உருவாக்கியது. அம்மையநாயக்கனூர் ரயில் நிலையத்தில் இறங்கி, மாட்டுவண்டியில் மலையடிவாரம் வந்து, அங்கிருந்து நாற்காலியில் உட்காரவைத்து ஆட்கள் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அந்த நிலையத்துக்குத்தான் கொடை ரோடு என்று பேர். ஊட்டிக்கு வழி சுலபமானது. சல்லிவன் அங்கே போனது 1819. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை மலை ரயில் 1899இல், உதகை வரை 1908இல்.

இந்த மலை ஊர்களில் வெள்ளைக்காரத் தம்பதிகள் குழந்தை இல்லாமல் உலாவியது உண்மை. ஆனால் அது கொண்டாட்டம் இல்லை, பிரிவு. இந்திய வெயிலில் குழந்தைகள் பிழைக்காது, பேச்சும் கெட்டுப்போகும் என்று ஐந்தாறு வயதிலேயே கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். முடியாதவர்களுக்கு இங்கேயே மலைப் பள்ளிகள். லவ்டேல் லாரன்ஸ் பள்ளி 1858. கொடைக்கானலில் மிஷனரிக் குழந்தைகளுக்கான பள்ளி 1901. இன்றைக்குக் குழந்தைகளைச் சமவெளியில் விட்டுவிட்டுப் பெற்றோர் கொடைக்கானல் போகிறார்கள். அன்றைக்குக் குழந்தைகளைக் கொடைக்கானலில் விட்டுவிட்டுப் பெற்றோர் சமவெளிக்கு இறங்கினார்கள்.

ஆங்கில வகுப்பில் கிப்ளிங் படித்திருப்பீர்கள். அவர் பம்பாயில் பிறந்தவர். 1871இல், ஆறு வயதுகூட நிரம்பாதபோது, பெற்றோர் அவரையும் மூன்று வயதுத் தங்கையையும் இங்கிலாந்தில் சவுத்ஸீ என்ற ஊரில் ஒரு வீட்டில் காசு கொடுத்து விட்டுவிட்டு இந்தியா திரும்பினார்கள். குழந்தைகளிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அழுவார்கள் என்று பயந்து சொல்லாமலே போய்விட்டார்கள். அந்த வீட்டில் அந்தப் பையன் ஐந்தரை வருஷம் பட்ட அடியையும் அவமானத்தையும் பிற்பாடு கதையாகவும் எழுதினார், தன் வரலாற்றிலும் எழுதினார். அடித்தது அந்த வீட்டுக்காரி. ஆனால் சொல்லாமல் போன அந்த ஒரு காலை இரண்டு பிள்ளைகளுக்கும் கடைசிவரை ஆறவில்லை. மூன்று நாளும் ஐந்தரை வருஷமும் ஒன்றல்ல என்பது தெரியும். ஆனால் குழந்தை தூங்கும்போது நைசாகக் கிளம்பிவிடுவது நம் வீடுகளிலும் நடக்கிற காரியம்தான். ஊருக்குக் கிளம்பப் போகிறவள் இந்தப் பத்தியை இரண்டு தடவை படிக்கட்டும்.

கல்யாண நாள் கொண்டாடுவது எங்கிருந்து வந்தது? இதில் சித்தப்பாவுக்கு முழு மதிப்பெண். நம் வழக்கத்தில் வருஷா வருஷம் பிறந்த நட்சத்திரம் உண்டு, திதி உண்டு. கல்யாண நாள் கிடையாது. இருபத்தைந்து வெள்ளி, ஐம்பது பொன் என்பது ஐரோப்பிய வழக்கம். நமக்கு அது அரண்மனை வழியாக வந்தது. 1887இல் விக்டோரியா மகாராணி பட்டத்துக்கு வந்த ஐம்பதாம் வருஷம், சென்னையில் விக்டோரியா பொது மண்டபத்துக்கு அந்தப் பெயர் வந்ததே அதை ஒட்டித்தான். 1897இல் அறுபதாம் வருஷத்தை வைர விழாவாக எடுத்தார்கள். அதுவரை வைரம் எழுபத்தைந்துக்கு. மகாராணிக்காக அறுபதுக்கு இறங்கி வந்தது, நமக்கும் ஏற்கனவே அறுபதுதான் கணக்கு என்பதால் பொருந்திவிட்டது. 1935இல் ஐந்தாம் ஜார்ஜுக்கு வெள்ளி விழா. அப்புறம் சினிமாக்காரர்கள் 25 வாரம் ஓடினால் வெள்ளிவிழா என்றார்கள். அரசர், சினிமா, பள்ளிக்கூடம், கூட்டுறவு சங்கம் எல்லாம் கொண்டாடி முடித்த பிறகுதான் கல்யாணத்துக்கு வெள்ளி விழா எடுக்கலாம் என்று நம் வீடுகளுக்குத் தோன்றியது.

தேனிலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. விக்டோரியாவே 1840 பிப்ரவரியில் கல்யாணமானதும் ஆல்பர்ட்டோடு விண்ட்சரில் இருந்தது மூன்று நாள்தான். அரசாங்க வேலை காத்திருக்காது என்று கல்யாணத்துக்கு முன்பே அவருக்குக் கடிதம் எழுதிவிட்டார். அந்த நாட்களில் இங்கிலாந்தில் புதுத் தம்பதி பயணம் போவதென்றால் கல்யாணத்துக்கு வரமுடியாத சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய் வருவதுதான், சில சமயம் வீட்டு ஆட்களும் கூடவே. நம் மறுவீட்டு விருந்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு பேர் மட்டும் என்பது அவர்களுக்கும் மெல்ல மெல்லத்தான் வந்தது.

நம்மிடம் அது எப்படி வந்து சேர்ந்தது என்பதற்கு நான் காட்டுகிற சாட்சி ஸ்ரீதரின் 'தேன் நிலவு', 1961. ஜெமினி கணேசன், வைஜெயந்திமாலா, ஏ.எம். ராஜா இசை, காஷ்மீரில் எடுத்தது. பாட்டுகள் எல்லோருக்கும் தெரியும், கதையை யோசித்திருக்க மாட்டீர்கள். மனைவியை இழந்த தங்கவேலு மறுகல்யாணம் செய்துகொண்டு தேனிலவுக்குக் காஷ்மீர் போகிறார், வயது வந்த மகளையும் கூடவே கூட்டிக்கொண்டு! தேனிலவு என்ற பேரில் வந்த தமிழ்ப் படத்திலேயே தேனிலவுக்குப் பிள்ளையோடுதான் போகிறார்கள். தியேட்டரில் அத்தனை பேரும் சிரித்தார்கள் என்றால், அது தங்கள் வீட்டிலும் நடக்கக்கூடியது என்பதால்தான்.

அரசாங்கமும் அதே எண்ணத்தில்தான் இருந்தது. மத்திய அரசு ஊழியர்களுக்கு விடுமுறைப் பயணச் சலுகை 1956இல் வந்தது. சொந்த ஊருக்குப் போய்வர, குடும்பத்தோடு. குடும்பம் என்றால் மனைவி, குழந்தைகள், அண்டியிருக்கும் பெற்றோர். பிறகுதான் இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்று விரிந்தது. எழுபது எண்பதுகளில் தபால் ஆபீஸ் குடும்பங்கள் முதன்முதலில் டெல்லி, ஆக்ரா பார்த்தது இந்தச் சலுகையில்தான். போட்டோக்களை எடுத்துப் பாருங்கள். தாஜ்மகால் முன்னால் ஆறு பேர் நிற்பார்கள். அம்மா கையில் தண்ணீர்க் கூஜா, அப்பா கையில் கடைக்குட்டி. காதலுக்காகக் கட்டிய கட்டடத்தின் முன்னால் கணவனுக்கும் மனைவிக்கும் நடுவில் நாலு பேர். ஐங்குறுநூற்றுக்குப் பிறகு படம் அவ்வளவாக மாறவில்லை.

மாறியது எண்கள். 1971 வாக்கில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக நான்கு குழந்தைகளுக்குச் சற்றுக் குறைவு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 1.8. ஆயுள் இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. இரண்டு குழந்தைகளைப் பாட்டியால் மூன்று நாள் பார்த்துக்கொள்ள முடியும், ஏழு பேரை முடியாது. எங்கள் அத்தை எட்டு நாள் பார்த்துக்கொண்ட பிறகு ஒரு மாதம் படுத்த படுக்கை. கூட்டுக் குடும்பத்தில் ஆட்கள் இருந்தார்கள், தனிமை இல்லை. இன்றைக்கு ஃபிளாட்டில் தனிமை இருக்கிற மாதிரித் தெரிகிறது, ஆனால் குழந்தையைப் பத்து நிமிஷம் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. முன்பு மதிய நேரத்தில் சித்தியோ அத்தையோ பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவாள். அந்த அரை மணி நேரங்களை எல்லாம் சேர்த்து மூன்று நாளாக வாங்குகிறார்கள் இப்போதைய பிள்ளைகள், காசு கொடுத்து.

ஜப்பானில் 1981இல் அந்த நாட்டு ரயில்வே ஒரு டிக்கெட் கொண்டுவந்தது. தேனிலவுக்கு எதிரில் 'முழுநிலவு' என்று பேர். கணவன் மனைவி இருவர் வயதையும் கூட்டினால் 88 வர வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. முதல் வகுப்பில் நாடு முழுவதும் சுற்றலாம். சுமார் நாற்பது வருஷம் விற்றார்கள். 88 என்றால் இருவரும் நாற்பத்துநாலு. அதாவது கிழவர்களுக்கு அல்ல, பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கிற, அந்த நடு முப்பது வருஷத்தில் சிக்கிக்கொண்டவர்களுக்கும் அது திறந்திருந்தது. ஆயிரம் பிறைக்குக் காத்திரு என்று நாம் சொன்னோம், நாற்பத்துநாலில் ஒரு முழுநிலவு போதும் என்றார்கள் அவர்கள். எனக்கு அவர்கள் கணக்குப் பிடித்திருக்கிறது.

இந்த வரலாற்றில் இன்னும் ஒருத்தியைப் பற்றி யாரும் பேசவில்லை, குழுவில் வந்த இருபத்தேழு பதிலிலும் காணோம். குழந்தைகளை வைத்துக்கொள்ளப் போகிற பாட்டி. அவருக்கு அறுபத்தெட்டு, முழங்கால் வலி, பேரன் ஓடினால் பிடிக்க முடியாது. மூன்று நாள் அவருக்கு ஒத்தாசைக்கு யார் என்று முதலில் கேட்டிருக்க வேண்டியது சித்தப்பாதான், அடுத்த தெருவில் இருக்கிறவர் அவர்தானே. தாத்தாவுக்கு அடுத்த வருஷம் பீமரத சாந்தி. மண்டபம், சமையல் கான்ட்ராக்ட், முன்னூறு அழைப்பிதழ் எல்லாம் பேசத் தொடங்கிவிட்டார்கள். அந்தப் பாட்டியிடம் நேற்று போனில் கேட்டேன், உனக்கு என்ன ஆசை என்று. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "பிரயாகைக்குப் போகணும்க்கா, அவரும் நானும் மட்டும். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றாள். அவள் இதைப் படிக்க மாட்டாள், ஆகையால் எழுதிவிட்டேன். அவள் பிள்ளைகள் படிப்பார்கள்.

உங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் உங்களை விட்டுவிட்டு முதன்முதலில் தனியாகப் போனது எந்த வருஷம், எந்த ஊருக்கு, எதற்காக, உங்களை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கீழே எழுதுங்கள். ஆஸ்பத்திரி, கோர்ட், துக்க வீடு என்றாலும் எழுதுங்கள். போகவே இல்லை என்றாலும் எழுதுங்கள். தனி நோட்டில் குறித்து வருகிறேன்.